ஜபல் அக்தர் அடுக்குத் தோட்டங்கள்

ஜபல் அக்தர் அடுக்குத் தோட்டங்கள் என்பன, ஓமான் நாட்டின் வடபகுதியில் உள்ள அல் ஹஜர் மலைத்தொடரில், ஜபல் அக்தர் மலையின் செங்குத்தான சரிவுகளில் கற்சுவர் எழுப்பி அமைக்கப்பட்ட விளைநிலங்கள் ஆகும். ஜபல் அக்தர் என்னும் அரபுப் பெயருக்குப் பசுமை மலை என்பது பொருள். எனினும் மலையின் பெரும்பகுதி சாம்பல் நிறப் பாறையே. ஆங்காங்கே ஜூனிப்பர், காட்டு ஒலிவ மரங்கள் நிற்கின்றன. அடர்ந்த பசுமை ஊற்றுநீர் எட்டும் இடங்களில் மட்டுமே உண்டு. இத்தோட்டங்களின் மண் பெரும்பாலும் இயற்கையாக அங்கே உருவானதன்று; மனிதர் சுமந்து வந்து நிரப்பியதாகும்.

அமைவிடமும் காலநிலையும்

நிஸ்வா நகருக்கு அண்மையில் உள்ள சைக் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதன் விளிம்பில், ஆழமான பள்ளத்தாக்கை நோக்கியவாறு அல் அய்ன், அல் அக்ர், அஷ் ஷிரைஜா ஆகிய ஊர்களின் வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. கோடையில் அடிவாரத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும்போது மேட்டுநிலம் குறிப்பிடத்தக்க அளவு குளிர்ந்திருக்கும். குளிர்கால இரவுகளில் உறைபனி ஏற்படுவதும் உண்டு. ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். தலைநகர் மஸ்கட்டில் பெய்வதைவிட இது மிகுதி. ஆனாலும் பாசனமின்றிப் பயிர் செய்யப் போதாது.

மண்

மலை சுண்ணாம்புக்கல்லாலும் டோலமைட்டாலும் ஆனது. அரிதாகப் பெய்யும் கனமழை சரிவிலுள்ள நுண்மண்ணை அரித்துச் சென்றுவிடுவதால் பாறைமேல் மண் தங்குவதில்லை. பள்ளங்களிலும் வறண்ட ஓடைப் படுகைகளிலும் மட்டும் வண்டல் சேர்கிறது. உழவர் இந்த வண்டலையே எடுத்து வந்து சுவர்களுக்குப் பின்னே நிரப்பினர். அடியில் கற்களும் சரளையும், மேலே நுண்மண்ணும் இடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக இட்ட ஆட்டெருவும் கழுதைச் சாணமும் அதனை விளைமண் ஆக்கின. மண்ணியலில் இத்தகையவை மனித ஆக்க மண்கள் என வகைப்படுத்தப்படுகின்றன.

சுண்ணாம்பு மிகுந்த இம்மண் காரத்தன்மை உடையது. இதனால் இரும்பு, துத்தநாகம், மணிச்சத்து ஆகியவை மண்ணில் இருந்தும் வேர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. இரும்புக் குறைபாடு ஏற்பட்டால் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாகும். இங்கு தொழு உரம் வெறும் சத்துக்காக மட்டும் இடப்படுவதன்று. மட்கிய பொருள் அச்சத்துகளை வேர் உறிஞ்சத்தக்க நிலையில் வைத்திருக்க உதவுவதுடன் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது.

வறண்ட நாடுகளில் பாசன நிலத்தின் பெரும்பகை உப்பு ஆகும். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு மண்ணில் தங்கிவிடும். ஓமானின் பாத்தினாக் கடற்கரையில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து, பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. மலைவயல்கள் பல நூற்றாண்டுகள் பயிரிடப்பட்டும் இக்கதிக்கு ஆளாகாததற்கு இரு காரணங்கள் உண்டு. ஊற்றுநீரில் உப்பு குறைவு; மேலும் வயலுக்கு விடும் நீரில் ஒரு பகுதி சரளை வழியே வடிந்து உப்பையும் கொண்டுபோய்விடுகிறது. மலைத்தொடரின் வடசரிவிலுள்ள பலத் சீத் என்னும் ஊரில், செருமனியின் காசல் பல்கலைக்கழகமும் ஓமானின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகமும் 2000களில் நடத்திய ஆய்வுகள் இவ்வடிகாலின் இன்றியமையாமையை எடுத்துக்காட்டின. எனவே சுவரின் அடியில் கசியும் நீர் முழுவதையும் வீண் எனக் கொள்ளுதல் தவறாகும்.

நீர்ப்பாசனம்

ஓமானின் மரபுவழிக் கால்வாய் பலஜ் எனப்படும். அதன் பன்மை அப்லாஜ். நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து வருவது தாவூதி, ஓடையிலிருந்து வருவது கைலி, ஊற்றிலிருந்து வருவது ஐனி என இது மூவகைப்படும். மேட்டுநில ஊர்களில் உள்ளவை பெரும்பாலும் ஐனி வகையைச் சார்ந்தவை. நீர் நேர அளவில் பங்கிடப்படுகிறது. 'அதர்' எனப்படும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓர் அலகு. பகலில் நிழலைக் கொண்டும் இரவில் விண்மீன்களைக் கொண்டும் முறை கணிக்கப்பட்டது. ஓமானின் ஐந்து பலஜ்கள் 2006 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மலையடிவாரத்தில் பிர்கத் அல் மவுசில் உள்ள அல் கத்மைன் அவற்றுள் ஒன்று.

ஊற்று சுருங்கும் ஆண்டுகளில் பூண்டு, வெங்காயம், வாற்கோதுமை போன்ற குறுகிய காலப் பயிர்களின் பரப்பைக் குறைத்து, இருக்கும் நீரை மரங்களுக்கு விடுவர். ஒரு பருவப் பயிரை அடுத்த ஆண்டு விதைத்துக் கொள்ளலாம். பட்டுப்போன வாதுமை மரத்தை அவ்வாறு மீட்க இயலாது.

பயிர்கள்

பேரீச்சை இவ்வுயரத்தில் நன்கு விளைவதில்லை. தாழ்ந்த ஊர்களிலேயே காணப்படும். மேலே மாதுளை, வாதுமை, அக்ரூட், சர்க்கரை பாதாமி, பீச், அத்தி, திராட்சை ஆகியவை வளர்க்கப்படுகின்றன. புகழ்பெற்றது தமாஸ்கு ரோசா. மார்ச் இறுதி முதல் மே வரை பூக்கும் இதன் மலர்கள் வெயில் ஏறுமுன் பறிக்கப்பட்டு, மண் அடுப்புகளில் பன்னீராக வடிக்கப்படுகின்றன. விறகுப் புகையின் மணம் ஏறிய பன்னீரே இங்கு மரபானது.

மாற்றங்கள்

1957 முதல் 1959 வரை நடந்த ஜபல் அக்தர் போரில் பிரித்தானிய வான்படையின் குண்டுவீச்சால் ஊர்களும் பாசன அமைப்புகளும் சேதமுற்றன. அவை பின்னர் சீர்செய்யப்பட்டன. இன்றைய இடர் வேறு வகையானது. இலையுதிர்க்கும் பழமரங்கள் மறுபடி பூக்கக் குறிப்பிட்ட நேரம் குளிரில் இருக்க வேண்டும். 1980கள் முதலான வெப்பநிலைப் பதிவுகளைக் கொண்டு 2009 இல் வெளியான ஆய்வு, இக்குளிர் நேரம் குறைந்து வருவதைக் காட்டியது. பீச், சர்க்கரை பாதாமி, அக்ரூட் ஆகியவற்றுக்கு இது முதலில் பாதகமாகும். மாதுளைக்குத் தேவைப்படும் குளிர் குறைவு. சைஹ் கதனா நகரின் வளர்ச்சியும் விடுதிகளின் பெருக்கமும் நீர்த் தேவையைக் கூட்டியுள்ளன. நீர் நின்ற படிகளில் சுவர் பழுதுபார்க்கப்படுவதில்லை. ஒரு படியின் சுவர் சரிந்தால் அடுத்த கனமழையில் அதன் மண் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். வாதி பனீ ஹபீபில் மக்கள் விட்டுச்சென்ற பழைய வீடுகளின் கீழே அக்ரூட் மரங்களும் மாதுளைத் தோட்டங்களும் உள்ளன.