பதிவேட்டுக்கு வெளியே: அச்சங்குளமும் கூட்டு நிதியும்

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மத்திய, மாநில அரசுகள் நிவாரணம் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. இவ்வளவும் செத்த பிறகு பேசப்பட்ட பணம். உயிரோடிருக்கும்போதே இவர்களுக்காக முதலாளியும் அரசும் சேர்ந்து போட வேண்டிய பணத்துக்கு 1948 முதல் சட்டம் இருக்கிறது. அதுதான் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு.

2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். 10,000 ரூபாய் சம்பளம் என்றால் 325-ம் 75-ம். மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கு மாநில அரசுடையது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு. வேலையில் காயம்பட்டவர் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. ஆக, பணம் திரட்டும் ஏற்பாட்டில் பெரிய குறையில்லை. அந்தப் பணம் யார் பெயரில் தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல்.

நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை ஆலைக்குத் தரும் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். ரூம்களை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்கள் வேறு பலர். அச்சங்குளத்திலும், அதற்கு முன் 2012-இல் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்திலும் இதுவே வெளிப்பட்டது. ரூமை எடுத்தவர் ஆள் கூட்டிவருவார், பீஸ் ரேட்டுக்குக் கணக்கு முடிப்பார். அலுமினியத் தூள் படிந்து கை வெள்ளிபோல் மின்ன வேலை பார்க்கும் பெண்ணின் பெயர் லைசென்ஸ்காரரின் பதிவேட்டில் ஏறாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதன்மை முதலாளியே முதலில் சந்தா கட்ட வேண்டும் என்றது 1948 சட்டத்தின் 40-ஆம் பிரிவு. கட்டத் தவறினால் இ.எஸ்.ஐ. கழகமே பலனைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம் என்றது 68-ஆம் பிரிவு. நல்ல சட்டம்தான். ஆனால் அங்கே வேலை பார்த்ததை நிரூபிக்கும் பாரம் தீப்புண் வார்டில் கிடப்பவர் தலையில் விழுகிறது.

2009-இல் ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தோடும் 2012 முதல் யுனைடெட் இந்தியாவோடும் தமிழக அரசு நடத்திய மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு முதலாளியின் கையெழுத்து வேண்டியதில்லை. அதனால்தான் அவை இந்த ஊர்களை எட்டின. ஆனால் அறுவை சிகிச்சையோடு தீப்புண் முடிவதில்லை. ஆறும் தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுக்கும். மாதக்கணக்கில் பிசியோதெரபி வேண்டும். அந்த மாதங்களின் கூலியைக் காப்பீடு தராது. இ.எஸ்.ஐ. தரும், சம்பளத்தில் 90 சதவீதம்.

இதில் சாதி எங்கே வருகிறது? யாரை எண்ணுகிறோம், யாரை விடுகிறோம் என்பதில் வருகிறது. அமெரிக்காவில் 1985-இல் அரசின் ஹெக்லர் அறிக்கை கறுப்பின மக்களின் கூடுதல் மரணங்களை எண்ணிக் காட்டிய பிறகே அந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்க ஓர் அரசு அலுவலகம் பிறந்தது. ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002-இல் சாதியையும் பிறப்புவழிப் பாகுபாடாகவே கருதியது. இந்தியா அதை ஏற்கவில்லை. நம் விபத்துச் செய்திகளில் பெயர், வயது, ஊர் வரும். மருந்து கலக்கும் ரூமில் இருந்தவர் எந்தத் தெருக்காரர், அவருக்கு நிலம் உண்டா என்பது வராது. எண்ணாத ஏற்றத்தாழ்வுக்கு எந்த நிதியும் ஒதுக்க முடியாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நம்பச் சொல்வோர் உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் அந்தக் கடமை பெரிய கம்பெனிகளுக்கானது. பங்குதாரர் கூட்டாக நடக்கும் ஆலைகளை அது தொடாது. பீடித் தொழிலாளர் நலனுக்காக 1976-இல் வந்ததுபோல் சரக்கின் மீதே தீர்வை விதிக்கலாம். ஆனால் அந்தத் தீர்வையே 2017-இல் ஜி.எஸ்.டி.யோடு போய்விட்டது. எனவே எளிய வழி, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ரூம்வாரியாக ஆட்களின் இ.எஸ்.ஐ. எண்களைக் கேட்பது. உள்குத்தகைக்காரரின் ஆளும் அதில் இருக்க வேண்டும். பட்டியல் தராத ஆலைக்கு லைசென்ஸ் நீளக் கூடாது.