சாகா காளான்

ரஷ்யா, வட ஐரோப்பா, கொரியா, கனடா முதலிய குளிர்நிலங்களில் பிர்ச் மரத்தண்டைப் பற்றி வளரும் பூஞ்சை சாகா (இனோனோட்டஸ் ஆப்லிக்குவஸ்). கருகிய கரிக்கட்டி போல் வெளியே தெரியும் பகுதி குடை விரித்த காளான் அன்று. பூஞ்சை இழைகள் இறுகிய திரள். சைபீரியப் பழங்குடியினர் இதைக் கொதிக்கவைத்துக் குடித்துவந்தனர். சோவியத் ஒன்றியத்தில் 1950களில் இதன் சாறு 'பெஃபுங்கின்' என்னும் மருந்தாக ஏற்கப்பட்டது. 1968இல் வெளிவந்த சோல்செனித்சினின் 'புற்றுநோய் வார்டு' நாவலிலும் சாகா இடம்பெறுகிறது. இன்று பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படும் இது புற்றுநோய், சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு எல்லாவற்றுக்கும் நல்லது என்கிறார்கள்.

இந்தப் புகழுக்கு ஓர் அடிப்படை உண்டு. பீட்டா குளுக்கன்களும் பாலிஃபீனால்களும் மெலனினும் சாகாவில் நிறைந்துள்ளன. இதன் சாறு ஆய்வகத்தில் புற்றுச் செல்களின் பெருக்கத்தைத் தடுத்திருக்கிறது. எலிகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. ஆனால், நோயாளிகளிடம் இதே பயனைக் காட்டும் தரமான மருத்துவச் சோதனைகள் இல்லை. கண்ணாடித் தட்டில் செல்லின் மீது நேராகப் படும் சாறு வேறு. செரிமானத்தையும் கல்லீரலையும் கடந்து ரத்தத்தில் எஞ்சுவது வேறு. வான்கோழிவால் காளானிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்னும் பொருளை ஜப்பான் 1970களிலேயே புற்றுநோய்த் துணைமருந்தாக ஏற்றது. அந்தப் பொருள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அதன் நற்பெயரைச் சாகாவுக்கும் சூட்டுவது தவறு.

பயனைவிடத் தெளிவாகத் தெரிவது ஆபத்துதான். சாகாவில் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுதி. கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்த ஒரு மூதாட்டி நாள்தோறும் நான்கைந்து தேக்கரண்டி சாகாப் பொடியை ஆறு மாதம் உண்டு சிறுநீரகம் செயலிழந்ததை 2014இல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவுசெய்தனர். டயாலிசிஸ் தேவைப்பட்டது. திசுப் பரிசோதனையில் சிறுநீரக நுண்குழல்களில் ஆக்சலேட் படிகங்கள் காணப்பட்டன. பின்னர் கொரியாவிலிருந்தும் இத்தகைய பதிவு வந்தது.

தலைமுறைகளாகக் குடித்தவர்கள் நலமாக இருந்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் குடித்தது கஷாயம். பொடியைக் கரண்டி கரண்டியாக விழுங்கினால் அதிலுள்ள ஆக்சலேட் முழுவதும் குடலுக்குள் போகிறது. மேலும், சிறுநீரகம் ஓசையின்றிக் கெடும் உறுப்பு. ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் அந்தச் சேதத்தை யார் கண்டிருப்பார்கள்? பசலைக்கீரையிலும் ஆக்சலேட் இருக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. கீரை சோற்றோடும் தயிரோடும் அளவாகச் சேர்கிறது. தயிரின் கால்சியம் ஆக்சலேட்டின் ஒரு பகுதியைக் குடலிலேயே பிணைத்துவிடும். கீரைச்சாற்றையே அளவுமீறிக் குடித்தவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டதுண்டு.

ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைச் சாகா தடுப்பதாகவும் ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. பயனுக்குப் போதாத ஆய்வகச் சான்று ஆபத்துக்கு மட்டும் போதுமா? போதும் என்பதே என் முடிவு. ஒன்றைக் குணமளிக்கும் என்று விற்பவர் நிரூபிக்கக் கடமைப்பட்டவர். உண்பவருக்கோ நியாயமான ஐயமே விலகப் போதுமான காரணம். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணையுணவு விற்பவர் அதன் பயனை முன்கூட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே எச்சரிக்கையின் சுமை வாங்குபவர் மீதே விழுகிறது. சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. வார்ஃபரின், ஆஸ்பிரின், இன்சுலின் எடுப்பவர்களும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் உண்ணக் கூடாது. ஏற்கெனவே உண்டுவருபவர்கள் நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.