சிபில் கார்த்திகேசு என்னும் தாதி

மலாயாவின் ஜப்பானிய ஆட்சிக்கால வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் சிபில் கார்த்திகேசு அம்மையாரை ஒரு வீராங்கனையாகவே அறிவர். ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். ஜப்பானிய இராணுவக் காவல் படையான கெம்பித்தாயின் சித்திரவதைக்கு ஆளானவர். காட்டிலிருந்த போராளிகளைக் காட்டிக் கொடுக்க மறுத்தவர். இவை யாவும் உண்மையே. ஆயினும் வீரத்தை மட்டும் முன்னிறுத்திச் சொல்லும்போது, அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் என்ன தொழில் செய்து வந்தார் என்பது மறைந்து போகிறது. அவர் ஒரு தாதி, மருத்துவச்சியும் ஆவார். ஜப்பானியர் அவர்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, நோயுற்றவருக்கும் காயமுற்றவருக்கும் மருத்துவம் பார்த்தார் என்பதே. கற்ற தொழிலே குற்றமாக எண்ணப்பட்ட அந்நிலைக்கு ஒரு தாதி எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதை, அவர் பணியாற்றிய இடங்களின் வழியே காண்பது பொருத்தமாகும்.

தாதி என்ற சொல்லைப் பற்றி ஈண்டு ஒன்று கூறலாம். தமிழ்நாட்டில் செவிலியர் என்ற சொல் வழங்குகிறது. சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பேணி வளர்த்த தாயே செவிலி. அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்து தமிழ்நாட்டார் எடுத்துக்கொண்டனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாதி என்னும் சொல்லே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. சொல் எதுவாயினும், அத்தொழில் இம்மண்ணிற்கு ஓரளவு புதியது. பிள்ளைப்பேறு பார்க்க மலாய்க்காரரிடையே பீடானும் தமிழரிடையே மருத்துவச்சியும் தொன்றுதொட்டு இருந்தனர். ஆனால், முறையான பயிற்சி பெற்று, கூலிக்குப் பணிபுரிந்து, முன்பின் அறியாத நோயாளியை இரவும் பகலும் பேணும் பெண் என்பவள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியவள். 1860-ஆம் ஆண்டு புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டன் புனித தோமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கச் செய்தார். 25 ஆண்டுகள் கழித்து, 1885 ஆகஸ்டு முதல் நாள், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் நோயாளரைப் பேணும் பணியை ஏற்றனர். அந்த நாளே சிங்கப்பூரில் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அதற்கு 14 ஆண்டுகளுக்குப் பின், 1899 செப்டம்பர் 3-ஆம் நாள், சுமத்திராத் தீவின் மேடான் நகரில் சிபில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே நடுப்பெயராக வைத்து அவரைச் சிபில் மேடான் டேலி என்று அழைத்தனர். தந்தையார் அயர்லாந்து வழிவந்த யுரேசியத் தோட்டத்துரை. தாயார் பிரெஞ்சு வழிவந்த யுரேசியர், மருத்துவச்சி. ஆதலின் சிபில் பிற்காலத்தில் கற்ற தொழில் அவருக்கு வீட்டிலேயே அறிமுகமானதுதான். அவர் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார்.

1919 ஜனவரி 7-ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள புனித யோவான் தேவாலயத்தில் அவருக்கும் தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் மருத்துவர் ஒருவருக்கும் திருமணம் நடந்தது. ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்ற அந்த இந்து இளைஞர் மணத்தின் பொருட்டுக் கத்தோலிக்கராகி, அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்னும் பெயரை ஏற்றார். புதுச் சமயத்தில் சேர்ந்தவர் தமக்கு எடுத்துக்கொண்ட பெயரின் ஈற்றில் முருகன் பெயர் நிற்பது ஒரு சுவையான செய்தி. அப்பெயராலேயே அவருடைய மனைவியாரும் இன்று அறியப்படுகிறார். அவர்களுடைய முதல் குழந்தை அதே ஆண்டில் பிறந்து ஒரு நாள்கூட நிறைவதற்குள் இறந்தது. எத்தனையோ பிள்ளைகளை உலகிற்கு ஏந்தி எடுக்கவிருந்த கைகளுக்கு அந்த இழப்பு முதலில் வாய்த்தது. பின்னர் ஒரு மகனைத் தத்தெடுத்தனர். இரு பெண்மக்களும் பிறந்தனர்.

பயிற்சி முடித்து வரும் இளந்தாதிக்கு மருத்துவமனையின் ஒழுங்கே பாதி வேலையைச் சொல்லிக் கொடுத்துவிடும். படுக்கைகள் வரிசையாக இருக்கும். காய்ச்சல் ஏறி இறங்குவதைக் குறிக்க அட்டை இருக்கும். எந்த நேரத்தில் எந்த மருந்து என்று மணியே நினைவூட்டும். பிழை செய்தால் கண்டிக்க மூத்த தாதி இருப்பார். அந்த ஒழுங்கு இல்லாத இடத்திற்குச் செல்லும்போதுதான் கற்றது எவ்வளவு என்பது தெரியவரும். 1926-ஆம் ஆண்டில் கார்த்திகேசு தம்பதியர் ஈப்போவில் பிரூஸ்டர் சாலை 141-ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் ஒன்றைத் தொடங்கினர். ஜப்பானியர் வரும்வரை அது நடைபெற்றது. ஈப்போ அப்போது கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் செல்வத்தால் செழித்த நகரம். சுரங்கத் தொழிலாளர், வணிகர், அரசாங்க எழுத்தர் எனப் பல இனத்தாரும் நாடி வரக்கூடிய மருந்தகத்தில், தாதியின் பணி மருந்து கொடுப்பதோடு நின்றுவிடாது. நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டும். சிபில் அம்மையார் கன்டோனிய மொழியைத் தடையின்றிப் பேசுவார். மருத்துவமனைப் பயிற்சியில் கிடைக்காத இந்தத் திறமை, அவருடைய பிற்கால வாழ்வை முடிவு செய்த காரணங்களுள் ஒன்றாயிற்று என்று கருத இடமுண்டு.

மருத்துவச்சிப் பணியோ மேலும் கடினமானது. அக்காலத்தில் பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றனர். மருத்துவச்சி சென்று சேரும் வீடு அவளுடைய ஆட்சிக்கு உட்பட்டதன்று. அங்கே மாமியாரின் சொல் உண்டு. குடும்பத்தின் வழக்கங்கள் உண்டு. வெளிச்சத்திற்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்கு மட்டும் இருக்கலாம். கொதிநீரும் தூய துணியும் கேட்டு வாங்க வேண்டும். 1930-களின் நடுவில் சல்பா மருந்துகள் வரும்வரை, பேறுகாலக் காய்ச்சல் கண்ட தாயைக் காப்பாற்றத் திறமான மருந்து எதுவும் உலகில் இல்லை. குருதியில் நஞ்சு ஏறிவிட்டால் பெரும்பாலும் சாவுதான். எனவே, கழுவிய கையும் வேகவைத்த கருவியுமே மருத்துவச்சியின் படைக்கலங்கள். எவருடைய வீடாயினும் அவ்வீட்டாரை நோகச் செய்யாமல் அந்தத் தூய்மையை அங்கே கொண்டு சேர்ப்பதே அவள் கற்க வேண்டிய கலை.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அம்மாதத்திலேயே ஈப்போ குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. மாத இறுதிக்குள் ஜப்பானியர் வசமும் ஆயிற்று. நகரம் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் கார்த்திகேசு குடும்பத்தார் பாப்பானுக்குச் சென்றனர். பாப்பான் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பலகை என்பது பொருள். ஈப்போவிலிருந்து ஏறத்தாழ பத்துக் கல் தொலைவில், காடு அடர்ந்த குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவிலிருந்து வந்த மண்டைலிங் தலைவர் ராஜா பிலா அங்குத் தலைமை தாங்கினார். பின்னர் சீனச் சுரங்கத் தொழிலாளர் மிகுதியாகக் குடியேறினர். ஊரின் பெருந்தெருவில் 74-ஆம் எண் கடைவீடு சிபில் அம்மையாரின் புதிய பணியிடமாயிற்று.

பிரூஸ்டர் சாலையில் இருந்த வசதிகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. முன்னறையில் நோயாளிகள், உள்ளே குடும்பம், பின்புறம் வாசல், அதற்கப்பால் தோட்டமும் காடும். தோட்டப்புறத் தமிழர் ஒரு டிரெசரை வைத்து நடத்தப்பட்ட எளிய தோட்ட மருத்துவமனைகளை நன்கு அறிவர். அவற்றிலும் எளியது இது. மருந்தும் அரிதாகிக்கொண்டே வந்தது. உலகின் கொயினா விளைச்சலில் மிகப் பெரும்பகுதியைத் தந்த ஜாவாத் தீவு 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஆயினும் மலாயாவின் எளிய மக்களுக்குக் கொயினா கிட்டவில்லை. மலேரியா பெருகியது. உணவுக் குறையால் உடல் மெலிந்தவருக்குக் காலில் பட்ட சிறு கீறலும் ஆறாப் புண்ணாக மாறியது. இதே காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், இதே நோய்களால் கவனிப்பாரின்றி மாண்டனர் என்பதை நினைத்துப் பார்த்தால், பாப்பானில் ஒரு தாதி இருந்ததன் அருமை விளங்கும்.

பகலில் ஊரார் முன்வாசல் வழியாக வந்தனர். இரவில் பின்வாசல் வழியாக வேறு சிலர் வந்தனர். அவர்கள் ஜப்பானியரை எதிர்த்துப் பேராக் காடுகளில் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். அப்படைக்குத் தலைமை தாங்கியது மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி. சிபில் அம்மையாரோ பக்தி மிகுந்த கத்தோலிக்கர். பிரிட்டிஷ் ஆட்சியில் நம்பிக்கை உடையவர். கொள்கையளவில் அவருக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருப்பினும் மலேரியாவோடு வந்தவருக்கு மருந்து கொடுத்தார். புண்ணோடு வந்தவருக்குக் கட்டுப் போட்டார். குண்டு பாய்ந்து வந்தவர் உடலிலிருந்து குண்டை எடுத்தார். அறுவைக்கூடமும் அறுவை மருத்துவரும் வேண்டிய வேலையை ஒரு கடைவீட்டின் உள்ளறையில், ஓசை வெளியே கேட்காதபடி செய்ய வேண்டியிருந்தது. அவர் பேசிய கன்டோனிய மொழி இங்கே பெருந்துணையாயிற்று. அந்தப் போராளிகளுள் பெரும்பாலோர் சீனர்.

எல்லாவற்றையும் தாதித் தொழிலின் கணக்கிலேயே எழுதிவிடுவதும் முறையாகாது. அவர் அவ்வீட்டில் சிற்றலை வானொலிப் பெட்டியை மறைத்து வைத்திருந்தார். அதற்கு ஜோசபின் என்று பெயரும் இட்டிருந்தார். பி.பி.சி. செய்திகளைக் கேட்டு, போர் எவ்வாறு செல்கிறது என்பதை நம்பத்தக்கவர்களுக்குச் சொன்னார். நோயாளியைப் பேணுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அகப்பட்டால் தமக்கு மட்டுமன்றிக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நேரும் என்பதை அறிந்தே இதைச் செய்தார். சிறுமியாக இருந்த ஒரு மகளை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இவ்வளவு தூரம் செல்லலாமா என்று இன்று படிப்பவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வெளிச்செய்தி அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு நம்பிக்கை தரும் ஒரு சொல்லும் மருந்தளவு தேவைப்பட்டது என்பதே அதற்குரிய விடையாகத் தோன்றுகிறது. அவ்விடை எல்லாரையும் நிறைவு செய்யும் என்று சொல்வதற்கில்லை.

1943-ஆம் ஆண்டில் குடும்பம் பிடிபட்டது. கணவரும் வளர்ப்பு மகனும்கூடச் சிறைப்பட்டனர். கெம்பித்தாயினர் அம்மையாரை அடித்தும் வதைத்தும் போராளிகளின் பெயர்களைக் கேட்டனர். அவர் கண்ணெதிரே, 1936-ஆம் ஆண்டில் பிறந்த இளைய மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டி அச்சுறுத்தினர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. குழந்தை உயிர் தப்பியது. பகைவரின் ஒற்றர்களோடு சேர்ந்து உளவு பார்த்தது, காட்டுப் போராளிகளுக்கு மருத்துவ உதவி செய்தது, வானொலி வைத்திருந்து பகைவரின் செய்திகளைப் பரப்பியது என மூன்று குற்றங்கள் சாட்டப்பெற்றன. இரண்டாவது குற்றத்தை மறுக்க எந்தத் தாதியால் இயலும்? வருபவர் யார், எந்தக் கட்சி என்று வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டு மருந்து எடுக்கும் பழக்கத்தை அவருக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

பத்து காஜா சிறையிலிருந்து, 1945 ஆகஸ்டில் போர் முடிந்தபின் அவர் மீட்கப்பட்டார். முதுகெலும்பு சிதைந்து நடக்க இயலாத நிலை. அதே ஆண்டில் மருத்துவத்திற்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். பிறர் படுக்கையருகே நின்றே வாழ்ந்தவர் இப்போது தாமே நோயாளியாகப் படுத்திருந்தார். அவ்வாறு இருந்த நாள்களில்தான் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். 1947-இல் ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948 ஜூன் மாதம், 48 வயதில் மறைந்தார். சிறையில் ஜப்பானியரின் காலணி உதையால் தாடையில் ஏற்பட்ட பழைய காயம் நஞ்சேறிக் குருதியில் கலந்ததே இறப்பிற்குக் காரணம். மருத்துவச்சிகள் காலமெல்லாம் அஞ்சிக் காத்த அதே பகை, இறுதியில் அவரையே கொண்டுபோயிற்று.

அவர் எழுதிய நூல் 1954-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பெயர் 'நோ டிராம் ஆஃப் மெர்சி'. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் ஷைலாக்கைக் குறித்துச் சொல்லப்படும் சொற்களிலிருந்து எடுத்த தலைப்பு அது. துளியளவு இரக்கமும் இல்லை என்பது கருத்து. டிராம் என்பது மருந்துக் கலவை செய்வோர் அந்நாளில் பயன்படுத்திய எடை. 60 கிரெயின் ஒரு டிராம், 8 டிராம் ஓர் அவுன்ஸ். பிரூஸ்டர் சாலையிலும் பாப்பானிலும் மருந்து நிறுத்துக் கொடுத்த ஒருவரின் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஜப்பானிய ஆட்சியைப் பற்றி இந்நாட்டுப் பெண் ஒருவர் எழுதிய நேர்ச்சான்று என்பதால் வரலாற்று ஆசிரியர்கள் அதனைப் பெரிதும் மதிக்கின்றனர். உயர்வகுப்பு மாணவர் அதனை வீரக்கதையாக மட்டும் படிக்காமல், மருந்து இல்லாத ஊரில் ஒரு மருந்தகம் எவ்வாறு நடந்தது என்பதற்குரிய குறிப்பேடாகவும் படித்தால் பயன்பெறுவர்.

அம்மையாரின் உடல் முதலில் ஸ்காட்லாந்தில் லானார்க் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. 1949-ஆம் ஆண்டு அதனை ஈப்போவிற்குக் கொண்டுவந்து, புனித மைக்கல் தேவாலயத்தை அடுத்துள்ள கத்தோலிக்க இடுகாட்டில் மீண்டும் அடக்கம் செய்தனர். அந்தத் தேவாலயம் உள்ள சாலை இப்போது சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை எனப்படுகிறது. 1926-இல் அவர் மருந்தகம் தொடங்கியபோது அதற்குப் பிரூஸ்டர் சாலை என்று பெயர்.