பயமுறுத்தும் படப்புத்தகம்: ஒரு பழைய பஞ்சாயத்து

குழந்தைக்குப் படப்புத்தகம் வாங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது இரண்டே விஷயம்தான். பயமுறுத்தக் கூடாது, கடைசியில் நீதி இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் ஃபெயிலான புத்தகம் ஒன்று 1963-ல் அமெரிக்காவில் வந்தது. பெயர் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்'. எழுதி வரைந்தவர் மாரிஸ் செண்டாக்.

மொத்தமே 338 ஆங்கில வார்த்தைகள். ஓநாய் உடுப்பு மாட்டிக்கொண்டு மாக்ஸ் என்ற பையன் வீட்டில் அட்டகாசம் செய்கிறான். திட்டிய அம்மாவையே தின்றுவிடப் போவதாகச் சொல்கிறான். ராத்திரி சாப்பாடு கட்! அறைக்குள் காடு முளைக்கிறது. படகேறிப் போய், கோரைப்பல் பூதங்களை அடக்கி ராஜாவாகிறான். ஆடித் தீர்த்ததும் வீட்டு நினைப்பு வருகிறது. திரும்பினால் அறையில் சாப்பாடு, சூடு ஆறாமல்! பையன் மன்னிப்பும் கேட்பதில்லை, நீதி வரியும் கிடையாது.

படங்கள்தான் பாதிக் கதையைச் சொல்கின்றன. முதல் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளைத்தாள். பையனின் கோபம் வளர வளரப் படமும் வளர்ந்து பக்கத்தை நிரப்பி, எதிர்ப்பக்கத்துக்கும் பரவுகிறது. பூதங்களோடு ஆடும் இடத்தில் மூன்று இரட்டைப் பக்கங்களுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. பிறகு படம் சுருங்குகிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சாப்பாட்டின் சூட்டைச் சொல்லும் எழுத்து மட்டும்.

செண்டாக் முதலில் வரைய நினைத்தது காட்டுக் குதிரைகளை. குதிரை சரியாக வரவில்லை, பூதங்கள் வந்தன. அவற்றின் முகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போலந்திலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்து, கன்னத்தைக் கிள்ளி, 'அப்படியே தின்னுடலாம் போல இருக்கே' என்று கொஞ்சிய மாமா, அத்தைகளின் முகம்தான் அது! வருஷத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போகும் நம் பிள்ளைகளைக் கேட்டால் இந்தப் பயத்தை நன்றாகவே விவரிப்பார்கள்.

1964-ல் புத்தகத்துக்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. ஆனால் 1969-ல் ப்ரூனோ பெட்டல்ஹைம் என்ற பிரபல மனவியலாளர், 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகையில் இதைக் கண்டித்தார். சோறு போடும் அம்மாவே பட்டினி போட்டால் குழந்தை கைவிடப்பட்டதாகப் பயப்படும் என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், அவர் அப்போது புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. தாய்மார்கள் சொன்னதைக் கேட்டே தீர்ப்பு எழுதிவிட்டார். வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் எங்கள் பேங்கில் சீட்டுக் கிழிந்துவிடும்! அதே மனிதர் 1976-ல், பயங்கரமான தேவதைக் கதைகள் குழந்தை மனதுக்கு நல்லது என்று தனிப் புத்தகமே எழுதினார்.

அவர் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சாப்பாட்டை நிறுத்துவது நல்ல தண்டனை இல்லை. அம்மாவின் முகத்தை ஒரு படத்திலாவது காட்டியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா கைவிடவில்லை. கோபப்பட்டாலும் உனக்குச் சோறு உண்டு என்பதை உபதேசம் இல்லாமல் சொல்கிறது கதை.

தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாத வீடு நம்முடையது. அம்மா திட்டினால் ஓடி ஒளிய இன்னொரு மடி கிடையாது. அந்தக் கோபத்துக்கு ஒரு காடும், திரும்பி வர ஒரு வழியும் காட்டும் புத்தகம் நம் பிள்ளைகளுக்குத் தேவைதான். வாங்குவதற்கு முன் நீங்களே ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. வார்த்தை இல்லாத பக்கங்களை மட்டும் அவசரமாகப் புரட்ட வேண்டாம். அங்கே குழந்தை பேசட்டும்.