பிரசன்ட்லி: இப்பவா, அப்புறமா?

"பிரசன்ட்லி" என்றால் நம்ம ஆபீஸ் கடிதங்களில் "தற்போது". லண்டனில் பழைய தலைமுறைக்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "கொஞ்ச நேரத்தில்" என்று எடுத்துக்கொள்வார். லோன் விஷயத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லைங்க!

ஒரு காலத்தில் இதற்கு "உடனே" என்று பொருள். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இயேசு சபித்த அத்திமரம் "பிரசன்ட்லி" பட்டுப்போகிறது, அதாவது அந்தக் கணமே. அப்புறம்? "உடனே" என்று சொல்லிவிட்டு மெதுவாக வருகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை! சொல்லும் தளர்ந்து "சற்று நேரத்தில்" ஆகிவிட்டது. "சூன்", "அனான்", "பை அண்ட் பை" எல்லாவற்றுக்கும் இதே கதிதான். யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்கும் ஏரோதியாளின் மகள், அதே பைபிளில், "பை அண்ட் பை" வேண்டும் என்கிறாள். சாவகாசமாக அல்ல, இப்பவே! (இங்கே ஹிந்திக்காரர்கள் சொல்லும் "அபி ஆயா" ஞாபகம் வருகிறதா?)

"தற்போது" என்ற பொருளும் புதுசில்லை, 15-ம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. இங்கிலாந்து எழுத்து நடையில் பின்னால் மங்கினாலும் ஸ்காட்லாந்தில் விடாமல் புழங்கியது, அமெரிக்காவிலும் உண்டு. அதனால் "பிரசன்ட்லி ஒர்க்கிங்" தப்பு என்று மிரட்டும் இலக்கண வாத்தியார்களை நான் ஏற்பதில்லை. ஆனால் பணம் எப்போது வரும் என்று எழுதும் இடத்தில் மட்டும் இந்தச் சொல்லைத் தொடமாட்டேன். தேதியையே போட்டுவிடுவேன்.