கொட்டகையில் ஒன்று, பெட்டிக்குள் ஒன்று

கடலூரில் பழைய மிஷின் வாங்கப் போகிறவர் மிஷினைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குள்ளும் பட்டறைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் காவி நிறத்தில் ஒரு கோடு மிஞ்சும். கடலூர் முதுநகரில் நாங்கள் போன கொட்டகையிலும் அந்தக் கோடு இருந்தது, என் இடுப்புக்குச் சற்றுக் கீழே. மோட்டார் அந்தக் கோட்டுக்கும் கீழே.

"தண்ணிக்குள்ள கெடந்துச்சாங்களா?" என்று கேட்டேன்.

"மூணு நாளு கெடந்துச்சு. காயில் கட்டி, பேரிங் மாத்தி ஓட்டுனேன். அதுக்கப்புறம் தொடல," என்றார் மிஷினை விற்கும் பெரியவர். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பேரத்துக்கு அது எங்களுக்கு உதவியது, அவர் மேல் நம்பிக்கையும் வந்தது.

வாங்குகிறவன் நான் இல்லை, தம்பி மகன். சிதம்பரத்தில், முன்பு மாவு மில் ஓடிய ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மரப் பட்டறை போடுகிறான். நிலை, கதவு, ஜன்னல்தான் முக்கிய வேலை. கையில் இருந்த பணத்துக்கு ஒரு டேபிள் ரம்பம் வாங்கலாம். இரண்டு வாங்க முடியாது. முதுநகர்க் கொட்டகையில் இருந்த பழையதா, கடையில் பெட்டிக்குள் இருந்த புதியதா என்று இரண்டு வாரம் என்னை அலைக்கழித்தான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதுதான் இது.

பழையது உள்ளூர் வார்ப்பு. பெயர்ப் பலகை தேய்ந்து ஊர்ப் பெயர்கூடப் படிக்க முடியவில்லை. வார்ப்பிரும்பு மேசை, மூன்று ஃபேஸ் 3 ஹெச்பி மோட்டார், இரண்டு வி-பெல்ட், 12 அங்குல பிளேடு. பிளேடு ஒரே இடத்தில் நிற்கும். ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேசையைத்தான் திருகு போட்டு ஏற்றி இறக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். புதியது போஷ் நிறுவனத்தின் ஜிடிஎஸ் 10 ஜே. 1800 வாட், 254 மி.மீ பிளேடு, வீட்டு பிளக்கிலேயே ஓடும். ஒருவரே தூக்கிவிடலாம். இதே வகையில் டிவால்ட்டும் மக்கிட்டாவும் உண்டு. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

தம்பி மகன் முதலில் பார்த்தது சுற்று. புதியது நிமிடத்துக்கு 3650 சுற்று, பழையது அதைவிடக் குறைவு, ஆகவே புதியதுதான் வேகம் என்றான். கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய மோட்டார் 1440 சுற்று. மோட்டார் புல்லி 6 அங்குலம், பிளேடு தண்டில் 3 அங்குலம். ஆக பிளேடு 2880 சுற்று சுற்றும். ஆனால் மரத்தை அறுப்பது பல். பிளேடு பெரிதாக இருந்தால் அதே சுற்றில் பல் அதிக தூரம் ஓடும். 12 அங்குல பிளேடின் பல் நொடிக்கு சுமார் 46 மீட்டர் ஓடுகிறது. புதியதில் 48 மீட்டருக்குச் சற்று மேல். வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் மோட்டாரின் குணத்தில் இருக்கிறது. அதை நம் சமையலறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். புதிய ரம்பத்தில் இருப்பது மிக்ஸி மோட்டார் ஜாதி: கார்பன் பிரஷ், அதிவேகம், காதைக் கிழிக்கும் சத்தம். சின்ன உடம்பில் நிறைய சக்தி தரும், ஆனால் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். பழையதில் இருப்பது கிரைண்டர் மோட்டார் ஜாதி. எடை அதிகம், பிரஷ் கிடையாது, மணிக்கணக்கில் ஒரே உறுமலாக ஓடும். தோசை மாவை மிக்ஸியிலும் அரைக்கலாம் என்பது உண்மைதான். கல்யாண வீட்டுக்கு அரைக்க முடியாது.

சரி, இவன் அரைக்கப்போவது கல்யாண வீட்டுக்கா, ரெண்டு பேருக்கா? விஷயம் அங்கேதான் முடிவாகிறது. நம் பக்கத்து வாசல் நிலைக்கு வழக்கமான அளவு ஐந்துக்கு மூன்று அல்லது நாலுக்கு மூன்று அங்குலம். மூன்று அங்குலம் என்றால் 76 மி.மீ. புதிய ரம்பம் நேராக அறுக்கக்கூடிய ஆழம் 79 மி.மீ. மீதி மூன்றே மி.மீ. முழு ஆழத்துக்குப் பிளேடை ஏற்றி, ஏழடித் தேக்கையோ வேங்கையையோ நீளவாக்கில் ஒரே ஓட்டத்தில் தள்ளினால் அந்தச் சின்ன மோட்டார் முனகும், பிளேடு சூடேறும், மரம் கருகும். பாதி ஆழம் ஒரு தடவை, திருப்பிப் போட்டு இன்னொரு தடவை என்று அறுக்கலாம். மாதத்துக்கு ஒரு நிலை செய்கிறவருக்கு அது பரவாயில்லை. பழையதில் மேசையை முழுக்க இறக்கினால் நாலு அங்குலம் வரை போகும்.

இதையே கடலூரில் ஃபிளாட்டுக்கு ஃபிளாட் போய் பிளைவுட் அலமாரியும் மாடுலர் கிச்சனும் அடிக்கிறவரிடம் சொன்னால் சிரிப்பார். அவருடைய பலகை 18 மி.மீ. அவருக்கு மிஷின் மாடி ஏற வேண்டும், அங்கே இருக்கும் பிளக்கில் ஓட வேண்டும், மாலையில் வண்டியில் திரும்ப வேண்டும். பிளேடைச் சாய்த்து 45 டிகிரி அறுக்க வேண்டும். மரத்தை ஒட்டித் தள்ளும் கைடு சொன்ன அளவில் நிற்க வேண்டும். பழையதில் பிளேடு சாயாது. கைடு என்று இருந்தது ஒரு ஆங்கிள் துண்டு. ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரு டேப், பின்னால் ஒரு டேப் பிடித்து அளந்து முடுக்க வேண்டும். நுட்பத்தில் புதியது ஜெயிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய மிஷின் பக்தர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் 1939இல் கொண்டுவந்த யூனிசா ரம்பத்தை இன்றும் தேடிப்பிடித்துப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழையதில் அப்போதே பிளேடு சாய்ந்தது, கைடு நேராக நின்றது. நம் உள்ளூர் வார்ப்பை அதோடு சேர்த்து வைத்துப் பேசுவது வெறும் ஆசை.

உப்புக்காற்றுக்கு வருவோம். கடலூரில் இரும்பை எண்ணெய் பூசாமல் ஒரு வாரம் விட்டால் செம்மை படரும். பழைய மேசையின் மேல் சொரசொரவென்று துரு. அது கண்ணுக்குத்தான் பயம். தேய்த்தால் போய்விடும், குழி விழுந்த இடம் மரத்தை ஒன்றும் செய்யாது. பார்க்க வேண்டியது தண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு பிளேடு தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். லேசாக ஆடியது. சுற்றிவிட்டால் மணல் அரைபடுகிற சத்தம். பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்; தண்டு தேயவில்லை என்பது அதைக் கழற்றிய பிறகுதான் உறுதியானது. இரண்டடி ஸ்கேலை மேசை மேல் குறுக்கும் நெடுக்கும் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரியவில்லை. மேசை கோணியிருந்தாலோ வார்ப்பில் கீறல் இருந்தாலோ திரும்பி வந்திருப்போம். அவை இரண்டுக்கும் மருந்து கிடையாது.

வெள்ளம் மறுபடி வரும். அதையும் கணக்கில் வைக்காமல் இந்த மாவட்டத்தில் எந்தச் சாமானும் வாங்கக்கூடாது. மூன்று ஃபேஸ் மோட்டார் நனைந்தால் பிரித்துக் காயவைத்து, முடியாவிட்டால் காயில் கட்டலாம். பம்ப்செட் இருக்கிற ஊரிலெல்லாம் காயில் கட்டுகிறவர் இருக்கிறார். பேரிங் எண் சொன்னால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். புல்லி உடைந்தால் லேத் பட்டறை. புதியதில் பிரஷ் மாற்றுவது எளிது. ஆனால் உள்ளே எலெக்ட்ரானிக் பகுதியோ, பிளாஸ்டிக் கியர் கைப்பிடியோ போனால் கம்பெனி சாமான் வரும்வரை காத்திருக்க வேண்டும். வாரண்டி இருக்கிறதே என்பார்கள். தண்ணீருக்குள் மூழ்கியதற்கு வாரண்டி கேட்டுப் பாருங்கள்.

இனி விரல். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் பேசலாம், இதில் முடியாது.

தேக்கு போன்ற மரத்துக்குள் ஒரு இறுக்கம் இருக்கும். நீளவாக்கில் பிளக்கும்போது அறுத்த வாய் பின்னாலேயே மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கவ்விய இடத்தில் பின்பக்கப் பல் மேல்நோக்கி வந்துகொண்டிருக்கிறது, நொடிக்கு 46 மீட்டர். அதாவது மணிக்கு சுமார் 165 கிலோமீட்டர். கட்டை தள்ளுகிறவனை நோக்கி உதைக்கும். பிடித்திருந்த கை பிளேடு மேல் போகும். இதைத் தடுப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. பிளேடுக்குப் பின்னால், அறுத்த வாய்க்குள் நிற்கிற ஒரு தகடு போதும், வாய் மூடாது. 1922இல் இங்கிலாந்து வகுத்த மரவேலை இயந்திர விதிகளே இந்தத் தகடு வேண்டும் என்றன. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு கேட்டது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடமாக இருந்தாலும் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. ஒரு ஆசாரியும் ஒரு எடுபிடியும் நிற்கும் கொட்டகை அதன் கண்ணில் படவில்லை. முதுநகர் மிஷினில் தகடு மாட்டிய தடம்கூட இல்லை. பெரியவரின் இடது ஆள்காட்டி விரலில் நுனியும் இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புதியதில் தகடு, மேல் மூடி, தள்ளுகோல் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வருகின்றன. பாதுகாப்பில் புதியதுதான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. பிளேடு ஏறி இறங்குகிற ரம்பத்தில் தகடும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அதற்குத் தனி அமைப்பு தேவை. பழையதில் பிளேடு அசைவதே இல்லை, மேசைதான் அசைகிறது. ஆகவே சட்டத்தில் இரண்டு துளை போட்டு ஒரு தகட்டை முடுக்கிவிட்டால் பிளேடுக்கும் தகடுக்கும் உள்ள இடைவெளி என்றைக்கும் மாறாது. பழமை என்று குறை சொன்ன அமைப்பே இந்த வேலையைச் சுலபமாக்குகிறது. பிளேடு உடம்பு 2.2 மி.மீ, பல் அறுக்கும் அகலம் 3.2 மி.மீ, இடையில் 2.5 மி.மீ தகடு. இத்தனை வருஷம் எவரும் அதைச் செய்யவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

புதியது என்றாலே விரல் தப்பும் என்றும் நினைக்க வேண்டாம். தோல் பட்ட நொடியில் பிளேடை நிறுத்தும் ரம்பத்தை அமெரிக்காவின் சாஸ்டாப் நிறுவனம் 2004 முதல் விற்கிறது. நாங்கள் கடையில் பார்த்த எதிலும் அந்த வசதி இல்லை.

இன்னொன்று, கரண்ட் போய் வருவது. பழைய மிஷினை வெறும் மெயின் சுவிட்சில் கொடுத்திருந்தார்கள். கரண்ட் போனதும் பிளேடைத் துடைக்க ஒருவர் கை வைக்கிறார், கரண்ட் திரும்புகிறது என்று நினைத்துப் பாருங்கள். பம்ப்செட்டுக்குப் போடும் பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டரைப் போட்டால் திரும்ப நாம் அழுத்தினால்தான் ஓடும்.

மிஷினோடு சிதம்பரம் வரும் வழியில் பி.முட்லூர் தாண்டும்போது பரங்கிப்பேட்டைப் பக்கம் கை காட்டினேன். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் அங்கே இரும்பு ஆலை வைத்தார்; சேலத்துத் தாது, கரி அடுப்பு. ஆலை நிலைக்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன பெரியப்பா?" என்றான். ஒன்றுமில்லைதான். வார்ப்பிரும்பு வாங்கிய நாளில் சொல்லத் தோன்றியது.

ஆம், பழையதைத்தான் வாங்கினோம். மாவு மில் கொட்டகையில் மூன்று ஃபேஸ் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அது இல்லாமல் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும். பெரியவர் 32,000 கேட்டு 27,000க்கு இறங்கினார். குட்டியானை வண்டி வாடகை 2,500, பேரிங் இரண்டும் 900, பெல்ட் 800, கார்பைடு பல் வைத்த பிளேடு 2,600, ஸ்டார்ட்டர் 2,200, லேத் பட்டறையில் தகடு செய்ய 700. மொத்தம் 36,700. பெட்டிக்குள் இருந்ததற்குக் கடையில் சொன்ன விலை ஐம்பதாயிரத்துக்கு மேல்.

நீங்கள் பிளைவுட் வேலைக்காரராக இருந்தால் அந்தப் பெட்டியையே வாங்குங்கள். கதவு, நிலை என்றால் பழையதைத் தேடுங்கள், ஆனால் அந்த 700 ரூபாய்த் தகடு மாட்டுவதற்கு முன்னால் ஒரு கட்டையைக்கூட அறுக்காதீர்கள்.