உணவறைச் சுவரில் ஓர் ஓவியர்

நம் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் உணவறைச் சுவரை அணிசெய்வது ஆண்டவரின் இறுதி இராவுணவுப் படம். அவற்றுள் மிகப்பல லியோனார்தோ தா வின்சியின் ஓவியத்தை ஒட்டி எழுந்தவை. நாள்தோறும் அதன் கீழ் அமர்ந்து உண்ணும் குழந்தைக்கு அவரைப் பற்றிச் சொல்வதுண்டா? சொன்னாலும் 'மாமேதை' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். அச்சொல்லைக் கேட்ட குழந்தை வியக்கும், அவரை நெருங்காது.

லியோனார்தோ 1452 ஏப்ரல் 15 அன்று இத்தாலியின் வின்சிப் பகுதியில், மணம்புரியாத பெற்றோருக்குப் பிறந்தார். இலத்தீன் கல்வியை முறையாகப் பெறாத அவர், தம்மைப் படிப்பறியாதவர் என்றே குறித்துக்கொண்டார். ஆயினும் அவர் கைப்பட எழுதியவற்றுள் ஏறத்தாழ 7,000 பக்கங்கள் எஞ்சியுள்ளன. இடக்கைப் பழக்கமுடைய அவர் வலமிருந்து இடமாக எழுதினார். குழந்தை தன் பெயரை அவ்வாறே எழுதிக் கண்ணாடி முன் பிடிக்கட்டும். இடக்கையால் எழுதுவதற்காகக் கடிந்துகொள்ளப்பட்ட பிள்ளைக்கு இவ்விளையாட்டே பெரும் ஆறுதல். மரங்கொத்தியின் நாக்கை விவரிக்க வேண்டும் என்று அவர் தமக்கே எழுதிவைத்த குறிப்பையும் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் கேட்டு நாம் தட்டிக்கழிக்கும் கேள்விகளும் இத்தகையவை அல்லவா?

பிறகு படத்தைக் காட்டுங்கள். தம்மைக் காட்டிக்கொடுப்பவன் அப்பந்தியிலேயே இருக்கிறான் என்று ஆண்டவர் கூறிய கணம் அது. விரலை உயர்த்துபவர் யார்? கையில் கத்தி வைத்திருப்பவர் யார்? பணப்பையைப் பற்றியிருப்பவன் யார்? தோமாவையும் பேதுருவையும் யூதாசையும் குழந்தை தானே கண்டுபிடிக்கும்.

அடுத்துச் சொல்ல வேண்டியதையே நாம் பெரும்பாலும் மறைக்கிறோம். மிலான் நகரில், தொமினிக்கன் துறவியரின் உணவுக்கூடச் சுவரில், ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை இதைத் தீட்டினார் லியோனார்தோ. ஈரச் சாந்தின்மேல், அது காயுமுன் விரைந்து வரைவதே அந்நாளைய முறை. நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய விரும்பிய அவரோ, காய்ந்த சுவரில் வண்ணம் பூசினார். அம்முயற்சி தோற்றது. அவர் உயிரோடு இருந்தபோதே, 1517இல், ஓவியம் சிதையத் தொடங்கியதைக் கண்டவர் எழுதிவைத்திருக்கிறார். 1652இல் சுவரில் வாயில் வெட்டியபோது ஆண்டவரின் பாதங்கள் இருந்த பகுதி அழிந்தது. 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சால் அக்கூடம் இடிந்தது. மணல்மூட்டைகள் காத்த அச்சுவர் நின்றது. 1978 முதல் 1999 வரை வல்லுநர்கள் சிறிது சிறிதாக அதைச் சீர்செய்தனர்.

மதிப்பெண் குறைந்தால் நடுங்கும் பிள்ளைகளை வளர்க்கிறோம். பெரியோர் எவரும் தவறியதே இல்லை என்று கதை சொன்னால், அந்த நடுக்கம் கூடும். இத்தனை பெரிய ஓவியர் எடுத்த முடிவும் பிழைத்தது. எனினும் பிழையோடு நின்ற அச்சுவரைப் பின்வந்தோர் கைவிடவில்லை. இதைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை தன் தோல்வியையும் அந்த உணவு மேசைக்கே எடுத்துவந்து நம்மிடம் அஞ்சாமல் சொல்லும்.